ஸ்காண்டிநேவிய மொழிகளில் ஜெர்மானியரையும் அவர்கள் மொழியையும் குறிக்கும் சொற்கள்

ஜெர்மனி நாட்டையும் அதன் மக்களையும் மொழியையும் குறிக்க ஸ்காண்டிநேவிய மொழிகள் 'டியுஸ்க்' என்ற சொல்லையும் அதன் வழிச் சொற்களையும் பயன்படுத்துகின்றன. ஜெர்மானியர் தம்மைக் குறிக்கும் 'டாய்ட்ச்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அந்த வேரின் பொருள் 'மக்கள்' என்பதாகும். ஐரோப்பாவின் பிற மொழிகளில் பல, ஜெர்மனிக்குத் தாமே ஒரு பெயர் இட்டுக்கொண்டன. ஸ்காண்டிநேவியரோ ஜெர்மானியரின் சொந்தப் பெயரையே எடுத்துக்கொண்டனர். 'மக்களுடையது' என்று பொருள்பட்ட அந்தச் சொல் வடக்கே வந்தபின் வணிகனையும், அரசவை அதிகாரியையும், எல்லைப் பகை நாட்டானையும், ஆக்கிரமிப்புப் படைவீரனையும் அடுத்தடுத்துக் குறித்தது. இச்சொல்லின் வரலாறு வட ஐரோப்பிய நாடுகளுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான உறவின் வரலாறாகவும் அமைகிறது.

சொல் வடிவங்கள்

சுவீடிய மொழியில் ஜெர்மன் மொழி 'டியுஸ்கா' என்றும், ஜெர்மானியர் ஒருவர் 'டியுஸ்க்' என்றும், நாடு 'டியுஸ்க்லாண்ட்' என்றும் வழங்கப்படுகின்றன. டேனிய மொழியிலும் நோர்வேஜிய மொழியிலும் மொழியின் பெயர் 'டியுஸ்க்'. ஆள் பெயர் 'டியுஸ்கர்'. தமிழ்க் காதுக்கு இது பலர்பால் சொல்லாகத் தோன்றினாலும் அங்கு ஒருமையையே குறிக்கும். பரோயே தீவுகளில் நாட்டின் பெயரும் ஆள் பெயரும் இதே சொல்லின் வழிவந்தவையே. இச்சொற்களின் முதல் உயிரொலி தமிழில் இல்லாதது. உதடுகளைக் குவித்து 'இ' என்று சொன்னால் ஏறத்தாழ அந்த ஒலி கிடைக்கும்.

ஐஸ்லாந்திய மொழி சற்று வேறுபடுகிறது. அங்கு மொழியின் பெயர் 'தீஸ்கா'. நாட்டின் பெயர் 'தீஸ்கலாண்ட்'. ஆள் பெயர் மட்டும் 'தியோத்வேர்யி' என்று வரும். 'தியோத்' என்றால் மக்கள் அல்லது நாட்டினம். பின்னொட்டாக வரும் 'வேர்யி', ஓர் இடத்தைச் சேர்ந்தவர் என்ற பொருளைத் தரும். ரோமானியரைக் குறிக்கும் ஐஸ்லாந்தியச் சொல்லும் இதே பின்னொட்டால் ஆனது.

அண்டை மொழிகளோடு ஒப்பிட்டால் இப்பெயரின் தனித்தன்மை விளங்கும். பின்லாந்தியர் ஜெர்மனியை 'சாக்சா' என்பர். எஸ்தோனியர் 'சாக்சாமா' என்பர். இரண்டும் சாக்சன் என்ற ஒரு குலத்தின் பெயரிலிருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர் அலெமன்னி என்ற வேறொரு குலத்தின் பெயரால் 'அல்மாஞ்' என்கின்றனர். போலந்து நாட்டவர் வழங்கும் 'நியெம்ட்சி' என்ற பெயர், 'ஊமை' என்று பொருள்படும் ஸ்லாவிய வேரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. 'மக்கள்' என்ற வேரைக் கொண்ட பெயரை வழங்குவோருள் ஸ்காண்டிநேவியர், டச்சுக்காரர், இத்தாலியர் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். இத்தாலியில் ஆளுக்கும் மொழிக்கும் 'டெடெஸ்கோ' என்ற பெயர் உண்டு; நாட்டின் பெயர் 'ஜெர்மானியா' என்றே நின்றுவிட்டது.

சொற்பிறப்பு

தொல் ஜெர்மானிக் மொழியில் 'தெயுதோ' என்ற சொல் மக்கள், குலம் என்ற பொருளில் வழங்கியதாக மொழியியலாளர் மீட்டுருவாக்கியுள்ளனர். இதனோடு உரிச்சொல் விகுதி சேர்ந்து 'மக்களுக்குரிய' என்ற பொருளில் ஒரு சொல் உருவாயிற்று. பழஞ் சாக்சன் மொழியில் அது 'தியுதிஸ்க்' எனப்பட்டது.

தொடக்கத்தில் இச்சொல் எந்த ஓர் இனத்தையும் குறிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த கோதிய விவிலிய மொழிபெயர்ப்பில் இதன் இணைச்சொல் 'புறச்சமயத்தார் போல' என்ற பொருளில் வருகிறது. லத்தீனில் 'தியோடிஸ்குஸ்' என்ற வடிவம் 786-இல் முதன்முதலாகத் தென்படுகிறது. இங்கிலாந்தில் நடந்த திருச்சபை மன்றங்களின் முடிவுகள் லத்தீனிலும் மக்கள் மொழியிலும் படித்துக் காட்டப்பட்டன என்று ஓஸ்தியா ஆயர் ஜார்ஜ் திருத்தந்தை முதலாம் ஏட்ரியனுக்கு எழுதிய அறிக்கையில் அது உள்ளது. அங்கு அச்சொல் சுட்டியது பழைய ஆங்கிலத்தை.

813-இல் கூடிய தூர் திருச்சபை மன்றம், மறையுரைகளை நாட்டுப்புற ரோமானிய மொழியிலோ 'தியோடிஸ்க' மொழியிலோ பெயர்த்துச் சொல்லவேண்டும் எனப் பணித்தது. 842-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் சார்லமேனின் பேரர்கள் இருவர் எடுத்த உறுதிமொழியைப் பதிவு செய்த நிதார்டும் இச்சொல்லையே கையாண்டார். இவ்வாறு, லத்தீன் அறியாத மக்கள் பேசும் மொழி என்ற பொருள் மெல்ல மெல்ல ரைன் ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்தோரின் மொழி என்று சுருங்கியது. பின்னர் அம்மொழியைப் பேசுவோரின் பெயராகவும் ஆயிற்று.

சொல்லின் முதல் மெய்யொலி ஆங்கிலத்தில் 'திங்க்' என்ற சொல்லின் முதலொலியைப் போன்றது. ஜெர்மன் நிலத்தில் அது 'ட' என்ற மெல்லொலியாக மாறி 'டாய்ட்ச்' ஆயிற்று. டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகியவற்றில் அதே ஒலி வல்லின 'ட்' ஆக மாறி 'டியுஸ்க்' ஆயிற்று. ஐஸ்லாந்து மட்டும் பழைய ஒலியை இன்றுவரை காத்து வருகிறது. ஆகவே 'தீஸ்கா' என்னும் ஐஸ்லாந்திய வடிவத்தின் முதலொலி, இன்றைய ஜெர்மன் வடிவத்தின் முதலொலியைக் காட்டிலும் பழமையானது.

இதே வேரிலிருந்து ஐஸ்லாந்தியத்தில் 'மொழிபெயர்' என்று பொருள்படும் வினைச்சொல்லும், சுவீடியத்தில் 'பொருள் விளக்கு' என்று பொருள்படும் 'டியுடா' என்ற வினைச்சொல்லும் பிறந்தன. மக்களுக்குப் புரியும்படி சொல்வது என்பதே இவற்றின் அடிக்கருத்து.

பழைய நோர்ஸ் நூல்களில்

வைக்கிங் காலத்தில் ஸ்காண்டிநேவியர் தம் பொது மொழியை 'டேனிய நாவு' என்று அழைத்தனர். பிற்காலத்தில் 'வடமொழி' எனப் பொருள்படும் 'நொர்ரேனா' என்ற பெயரும் பரவியது. இந்த வடக்கு நோக்கிலிருந்தே தெற்கே இருந்தவர்களும் பெயர் பெற்றனர். பழைய நோர்ஸ் நூல்களில் ஜெர்மனி பெரும்பாலும் 'சாக்ஸ்லாண்ட்' எனப்படுகிறது. வடக்கிலிருந்து செல்வோருக்கு முதலில் எதிர்ப்பட்டது சாக்சன் நிலமே. ஐஸ்லாந்தின் முதல் ஆயரான இஸ்லெயிஃப் கிசுரார்சன் கல்வி கற்ற ஹெர்ஃபோர்டு சாக்சனி நாட்டில் இருந்தது. 1056-இல் அவருக்குத் திருநிலைப்பாடு செய்தவர் பிரெமன் பேராயர் அடல்பர்ட்.

மக்களைக் குறிக்கத் 'தென்னாட்டவர்' என்று பொருள்படும் சொல்லும் வழங்கியது. கிரீன்லாந்தியர் கதை என்ற ஐஸ்லாந்தியச் சாகாவில் இதற்குச் சான்று உண்டு. கி.பி. 1000 அளவில் லெயிஃப் எரிக்சனுடன் வட அமெரிக்கக் கரைக்குச் சென்றவர்களில் தியூர்கிர் என்ற தென்னாட்டவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் தனியே அலைந்து திரும்பிய அவர், மகிழ்ச்சி மிகுதியால் முதலில் நெடுநேரம் தம் சொந்த மொழியிலேயே பேசினார். சுற்றி நின்ற எவருக்கும் புரியவில்லை. பின்னரே வடமொழிக்கு மாறி, திராட்சைக் கொடிகளைக் கண்டதாகத் தெரிவித்தார். அவர் முதலில் பேசிய மொழியின் பெயராக அக்கதை தருவது இன்றைய ஐஸ்லாந்தியர் வழங்கும் 'தீஸ்கா' என்ற சொல்லின் பழைய வடிவமாகும். ஆளுக்குத் 'தென்னாட்டவர்' என்ற பெயரும் மொழிக்குப் புதிய பெயரும் ஒரே கதையில் அருகருகே நிற்கின்றன.

நோர்வே மன்னர் ஸ்வெர்ரே 1186-இல் பெர்கன் நகரில் ஆற்றிய உரை, அவரது வரலாற்றைக் கூறும் சாகாவில் இடம்பெற்றுள்ளது. கோதுமையும் தேனும் கொண்டுவரும் ஆங்கிலேயரை அவர் அதில் வரவேற்கிறார். வெண்ணெயையும் உலர்ந்த மீனையும் ஏற்றிச்சென்று அதற்கு ஈடாகத் திராட்சை மதுவைக் கொட்டிவிட்டுப் போகும் ஜெர்மானியரைக் கடுமையாகச் சாடுகிறார். நகரில் அப்போது குடிவெறிச் சண்டைகளும் கொலைகளும் நிகழ்ந்திருந்தன. இந்த உரையில் ஜெர்மானியரைச் சுட்ட வருவது 'தீத்வெர்ஸ்க்' என்ற வடிவம். வடக்கில் இச்சொல் வணிகனின் முகத்தோடு சேர்ந்து நடமாடத் தொடங்கியதை இது காட்டுகிறது.

ஹன்சா வணிகர் காலம்

ஜெர்மன் வணிக நகரங்களின் கூட்டமைப்பான ஹன்சா, 13 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை பால்டிக் கடல் வணிகத்தில் ஓங்கி நின்றது. லூபெக் அதன் தலைமை நகரம். கோட்லாந்து தீவின் விஸ்பி நகரில் ஜெர்மன் வணிகருக்கென எழுந்த புனித மரியாள் தேவாலயம் 1225-இல் அருள்பொழிவு பெற்றது.

பெர்கனில் 1360 அளவில் ஹன்சா தன் வணிக அலுவலகத்தை நிறுவியது. வட நோர்வேயின் உலர்ந்த காட் மீன் அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் சென்றது. அலுவலகத்தைச் சேர்ந்த ஆண்கள் உள்ளூர்ப் பெண்களை மணக்கக்கூடாது என்பது விதி. அவர்கள் தனி வீடுகளில், தனிச் சட்டங்களின்கீழ் வாழ்ந்தனர். அந்தத் துறைமுகப் பகுதிக்கு 'ஜெர்மானியர் துறை' எனப் பொருள்படும் 'டியுஸ்கெபிரிக்கன்' என்ற பெயர் ஏற்பட்டது. அலுவலகம் 1754-இல் முடிவுக்கு வந்து நோர்வேஜியர் கைக்கு மாறிய பின்னும் பெயர் நீடித்தது.

ஸ்டாக்ஹோமில் நிலைமை வேறு. அங்கு ஜெர்மானியர் நகரக் குடிகளாகக் கலந்தனர். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் இயற்றப்பட்ட மக்னுஸ் எரிக்சனின் நகரச் சட்டம், நகரவை இடங்களில் பாதிக்கு மேல் ஜெர்மானியர் வகிக்கக்கூடாது என்று வரம்பிட்டது. பாதி இடம் என்பதே அவர்களின் செல்வாக்குக்கு அளவுகோலாகும். 1471 அக்டோபரில் புருங்கெபெர்கு போரில் டென்மார்க் மன்னர் தோற்றதையடுத்து, வென்ற சுவீடியர் சில நாட்களிலேயே அந்த உரிமையை நீக்கினர். எனினும் பழைய நகரப் பகுதியில் ஜெர்மன் தேவாலயமும், அதையொட்டி 'டியுஸ்கா' என்ற அடைமொழி தாங்கிய தெருப்பெயர்களும் இன்றும் உள்ளன.

இந்த வணிகர் பேசியது இன்றைய தர ஜெர்மன் அன்று. வடபகுதியின் கீழ் ஜெர்மன் ஆகும். அவர்கள் தம் மொழியை 'டியூடெஷ்' என்றனர். இன்றைய 'டியுஸ்க்' வடிவத்தின் மீது இந்தப் பெயரின் தாக்கமும் உண்டு. கீழ் ஜெர்மன், ஸ்காண்டிநேவிய மொழிகளின் சொல்வளத்தையே மாற்றியது. 'பணம் செலுத்து', 'ஆகு' என்பன போன்ற அன்றாட வினைச்சொற்களும், நகராட்சி, கைத்தொழில் சார்ந்த பெயர்களும் அதிலிருந்து நுழைந்தன. சுவீடியத்தில் சன்னலைக் குறிக்கும் 'ஃபென்ஸ்தெர்' இவ்வழி வந்ததே. டேனியமும் நோர்வேஜியமும் அதற்கு 'காற்றின் கண்' என்று பொருள்படும் பழைய சொல்லைத் தக்கவைத்துக்கொண்டன. 'மொழி' என்பதற்கு இம்மூன்று மொழிகளிலும் இன்று வழங்கும் 'ஸ்ப்ரோக்' என்ற சொல்லும் கீழ் ஜெர்மன் கொடையாகும். பெருமளவு ஹன்சா தொடர்புக்கு அப்பால் இருந்த ஐஸ்லாந்து, 'நாவு', 'பேச்சு' என்ற பழஞ்சொற்களாலான 'துங்குமால்' என்பதையே வழங்குகிறது.

டென்மார்க்: இருமொழி அரசு

1460-இல் டென்மார்க் மன்னர் முதலாம் கிறிஸ்டியான் சிலெஸ்விக், ஹோல்ஸ்டைன் ஆகிய நிலப்பகுதிகளின் ஆட்சியாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹோல்ஸ்டைன் ஜெர்மன் மொழிப் பகுதி. சிலெஸ்விக்கில் இரு மொழிகளும் கலந்திருந்தன. இவற்றை ஆளக் கோபன்ஹேகனில் 1523 முதல் 1806 வரை 'ஜெர்மன் செயலகம்' என்ற பெயரிலேயே ஓர் அலுவலகம் இயங்கியது. அரசவையிலும் படையிலும் உயர்கல்வியிலும் ஜெர்மன் சரளமாகப் புழங்கியது.

டேனிய அரசின் இந்த இயல்பு தமிழ்நாட்டிலும் தடம் பதித்தது. 1620 முதல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, 1706-இல் வந்துசேர்ந்த சீகன்பால்க், புளுட்சாவ் என்ற இரு சமயப் பரப்புநரும் ஜெர்மானியர்களே.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனநிலை மாறியது. மன்னர் ஏழாம் கிறிஸ்டியானின் மருத்துவரான ஸ்ட்ருவென்சே என்ற ஜெர்மானியர் 1770 முதல் ஆட்சியைத் தம் கையில் எடுத்து, ஆணைகளை ஜெர்மன் மொழியில் பிறப்பித்தார். 1772-இல் அவர் வீழ்த்தப்பட்டு மரண தண்டனை பெற்றார். 1776-இல் வந்த சட்டம், அரசுப் பணிகளை மன்னரின் நாடுகளில் பிறந்தவர்களுக்கே ஒதுக்கியது. 1789-இல் 'டேனிய ஹோல்கர்' என்ற இசை நாடகம் மேடையேறியபோது, அதன் ஜெர்மன் சாயலைக் குறித்துப் பெரும் எழுத்துப்போர் மூண்டது. நாடகத்தை எழுதியவர் யென்ஸ் பாகெசன். இசையமைத்தவர் லூபெக்கில் பிறந்த குன்ட்சென். பி. ஏ. ஹைபெர்க் அதைக் கேலிசெய்து 'ஜெர்மன் ஹோல்கர்' என்றே ஒரு நாடகம் எழுதினார். தலைப்பில் ஒரு சொல்லை மாற்றியதே கேலிக்குப் போதுமானதாக இருந்தது. இந்தப் பூசலுக்கு 'டியுஸ்கர் பூசல்' என்ற பெயர் நிலைத்தது.

அறிஞர் பூசலும் எல்லைப் போர்களும்

19-ஆம் நூற்றாண்டில் இச்சொல் மொழியியலிலும் சிக்கலை உண்டாக்கியது. 1819 முதல் வெளிவந்த யாக்கோப் கிரிம்மின் இலக்கண நூல், ஜெர்மானிக் மொழிக் குடும்பம் முழுவதற்கும் 'டாய்ட்ச்' என்ற பெயரையே சூட்டியது. அவ்வாறாயின் டேனியமும் ஐஸ்லாந்தியமும் 'ஜெர்மன்' மொழிகளாகிவிடும். 1835-இல் அவர் வெளியிட்ட தொன்மவியல் நூலும் ஐஸ்லாந்தியச் சான்றுகளைப் பெரிதும் கையாண்டது. டேனிய மொழியியலாளர் ராஸ்முஸ் ராஸ்க் அக்குடும்பத்துக்குக் 'கோதியம்' என்ற பெயரை வழங்கினார். இன்றைய ஸ்காண்டிநேவிய மொழிகள் இச்சிக்கலை இரு சொற்களால் தீர்த்துள்ளன: மொழிக் குடும்பத்துக்கும் பண்டை மக்களுக்கும் 'கெர்மான்ஸ்க்', ஜெர்மனியின் மொழிக்கும் மக்களுக்கும் 'டியுஸ்க்'.

பெயர் குறித்த இந்த வாதம் நூலகத்தோடு நிற்கவில்லை. சிலெஸ்விக் யாருடையது என்பது குறித்து 1846-இல் பிராங்க்ஃபுர்ட்டில் கூடிய ஜெர்மன் அறிஞர்களும் விவாதித்தனர். 1848 முதல் 1851 வரை நடந்த போரில் டென்மார்க் தாக்குப்பிடித்தது. 1864-இல் பிரசியாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று, சிலெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பூர்க் ஆகியவற்றை இழந்தது. 1920-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் வட சிலெஸ்விக்கில் சுமார் 75 விழுக்காட்டினர் டென்மார்க்கைத் தேர்ந்தெடுக்க, அப்பகுதி திரும்பக் கிடைத்தது.

எல்லைப் பகுதியில் ஒருவர் பேசும் மொழியைக் கொண்டு அவர் எந்த நாட்டுப் பக்கம் என்று முடிவுகட்ட இயலவில்லை. வீட்டில் டேனிய வட்டார வழக்குப் பேசிக்கொண்டே ஜெர்மனியின்பால் பற்றுக்கொண்டவர்கள் அங்கு இருந்தனர். இவர்களுக்கு 'உள்ளூர் ஜெர்மானியர்' என்று பொருள்படும் பெயர் ஏற்பட்டது. 'ஜெர்மன் மனத்தவர்', 'டேனிய மனத்தவர்' என்ற சொற்களும் வழக்கில் வந்தன. பிறப்பையோ பேச்சையோ சாராமல் மனச்சார்பைச் சுட்டும் இச்சொற்கள் இன்றும் அப்பகுதியில் வழங்குகின்றன. 1955-இல் மேற்கு ஜெர்மனியும் டென்மார்க்கும் வெளியிட்ட இணை அறிக்கைகள், தான் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் எனச் சொல்லும் உரிமையை அவரவரிடமே விட்டன.

ஆக்கிரமிப்பும் வசைச்சொற்களும்

1940 ஏப்ரல் 9 அன்று நாசி ஜெர்மனி டென்மார்க்கையும் நோர்வேயையும் ஆக்கிரமித்தது. 1945 மே மாதம் வரை நீடித்த அந்த ஆட்சி, 'டியுஸ்கர்' என்ற சொல்லை மக்கள் வாயில் கசப்பாக்கியது. ஜெர்மன் படைவீரரோடு பழகிய பெண்களை இழிவாகச் சுட்ட 'டியுஸ்கர்' என்ற முன்சேர்க்கையோடு வசைச்சொற்கள் உருவாயின. விடுதலைக்குப்பின் அவர்களில் பலர் தெருவில் தலை மழிக்கப்பட்டு அவமதிக்கப்பட்டனர். நோர்வேயில் பலர் சட்ட விசாரணையின்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஜெர்மானியரை மணந்தவர்கள் குடியுரிமை இழந்து நாடுகடத்தப்பட்டனர்.

நோர்வேயில் இத்தகைய உறவுகளில் பிறந்த குழந்தைகள் 10,000 முதல் 12,000 வரை இருப்பர் என மதிப்பிடப்படுகிறது. 'ஜெர்மானியன் பிள்ளை' என்ற பெயர் பள்ளியிலும் தெருவிலும் அவர்களைத் தொடர்ந்தது. தாம் பார்த்தறியாத தந்தையின் நாட்டுப் பெயரே அவர்களுக்கு வசையாயிற்று. பிற்காலத்தில் 'போர்க்குழந்தைகள்' என்ற நடுநிலைச் சொல் அவ்விடத்தைப் பிடித்தது. அவர்கள் பட்ட துன்பத்துக்கு நோர்வே பிரதமர் செல் மாக்னே போண்டெவிக் 2000-இல் வருத்தம் தெரிவித்தார். 2018 அக்டோபரில் பிரதமர் எர்னா சோல்பெர்க், அத்தாய்மாரை நடத்திய விதத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

ஊர்ப்பெயரும் எழுத்துமுறையும்கூட மாறின. பெர்கனின் 'ஜெர்மானியர் துறை' 1945-இல் வெறும் 'பிரிக்கன்', அதாவது துறை, ஆயிற்று. டேனிய மொழியில் பெயர்ச்சொற்களை ஜெர்மனைப் போலப் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கம் 1948-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கைவிடப்பட்டது.

இன்றைய வழக்கு

இன்று 'டியுஸ்க்' என்பது ஸ்காண்டிநேவிய மொழிகளில் நிறமற்ற பொதுச்சொல். பள்ளிப் பாடவேளைப் பட்டியலில் ஒரு பாடத்தின் பெயராகவும், செய்தியில் ஓர் அண்டை நாட்டின் பெயராகவும் அது வருகிறது. கீழ் ஜெர்மன், மேல் ஜெர்மன் என்ற மொழிப் பிரிவுகளும், முன்னாளில் கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி என்ற நாட்டுப் பெயர்களும் இச்சொல்லோடு முன்னடை சேர்ந்தே அமைந்தன. போர்க்கால வசைச்சொற்கள் இப்போது பெரும்பாலும் வரலாற்று நூல்களிலேயே காணப்படுகின்றன.

பெர்கனின் பழைய மரக் கட்டடத் தொகுதி 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 'பிரிக்கன்' என்ற பெயரில் இடம்பெற்றது. ஜெர்மன் வணிகர் அதைவிட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. துறையின் பெயரிலும் அவர்கள் இல்லை. தாம் பேசுவதை 'ஸ்ப்ரோக்' என்று நோர்வேஜியர் சொல்லும்போது, அவ்வணிகர் கொண்டுவந்த சொல்தான் இன்றும் அவர்கள் வாயில் வழங்குகிறது.